அப்புவுக்கு ஒரு நாள், அம்முவுக்கு ஒரு நாள்

சாக்கை ஹாங்கர், திருவனந்தபுரம்
6 மார்ச் 2025

அத்திம்பேருக்கு ஆஷாவின் நமஸ்காரம்.

என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள். ஆபீஸ் நம்பரிலிருந்து கூப்பிட்டால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம், பெங்களூர் பட்டறைக்கு வரும் உதிரிப் பாகப் பெட்டியில், காகிதங்கள் வைக்கும் உறைக்குள் வருகிறது. பெட்டியைப் பிரித்துச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது அங்கே உங்கள் வேலை. ஆகவே இதை நீங்கள் பிரித்தே ஆகவேண்டும். படிப்பது உங்கள் இஷ்டம்.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி கமிட்டி முன்னால் நான் சொன்னதை வாபஸ் வாங்கப் போவதில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வீணாக எதிர்பார்க்க வேண்டாம். போலீஸ், வனம், தீயணைப்பு, சுகாதாரம் என்று நாலு துறை பங்கு போட்டுக்கொள்ளும் இந்த வான்சேவைக்கு மூன்றாவது ஹெலிகாப்டர் வேண்டும் என்று நீங்கள் மூன்று வருடமாக எழுதிக்கொண்டிருந்தீர்கள். வந்து ஆறு மாதம்கூட ஆகாத நான் எழுந்து நின்று, "இரண்டு போதும், தப்பு எண்ணிக்கையில் இல்லை, முறை வைத்து ஓட்டியதில் இருக்கிறது" என்றேன். அது உண்மை. இரண்டு ஹெலிகாப்டரையும், அப்புவுக்கு ஒரு நாள், அம்முவுக்கு ஒரு நாள் என்று நிமிஷம் பிசகாமல் ஓட்டினீர்கள். இரண்டும் ஒரே வாரத்தில், சோதனைக்கு உரிய அறுநூறு பறப்பு மணியைத் தொட்டன. இரண்டையும் ஒரே சமயத்தில் பிரித்துப் போட வேண்டியதாயிற்று. போன அக்டோபரில் பத்தொன்பது நாள் நம்மிடம் பறக்க ஒரு மெஷின்கூட இல்லை.

அந்தப் பத்தொன்பது நாளில்தான் பொனக்காடு எஸ்டேட்டில் மரம் விழுந்தது. உலகம்மை என்கிற தொழிலாளியை ஜீப்பில் வித்துராவுக்கு இறக்கி, அங்கிருந்து இங்கே கொண்டுவர ஐந்து மணி நேரம். அவருடைய இடது கால் போயிற்று. மரம் விழுந்தது உங்கள் குற்றமில்லை. ஆனால் பத்தொன்பது என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

கமிட்டிக்கு முதல் நாள் சாயங்காலம் வலியசாலையில் உங்கள் வீட்டில் உட்கார்ந்து, அக்கா வார்த்த அடையை நாலு சாப்பிட்டுவிட்டு, உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வந்தேன். அது தப்பு. அதற்கு மட்டும் மன்னிப்பு.

நீங்கள் எழுந்து போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. கமிட்டித் தலைவர் பகவதிப்பெருமாள் சார் சொன்னார்: "ஜூன் ஒண்ணு தொட்டு செப்டம்பர் முப்பது வரை நூத்தி இருபத்திரண்டு நாள். தினமும் காலத்தே ஆறு மணிக்கு ஒரு மெஷினாவது றெடியா நிக்கணும். ஒரு நாள் தவறினாலும் சேவை தனியார் கம்பெனிக்குப் போயிரும், கேட்டியளா?" நாற்பத்தோரு பேர் வேலை செய்கிற இடம் இது.

இரண்டும் ஒன்றாகச் சோதனைக்கு வராதபடி, இப்போது அப்புவை அதிகம் ஓட்டுகிறேன், அம்முவைக் குறைத்திருக்கிறேன். திட்டத் தாளை இணைத்திருக்கிறேன். தப்பு இருந்தால் சொல்லுங்கள். உங்களைவிட யாருக்குத் தெரியும்?

ஆஷா


பெங்களூர்
20 மார்ச் 2025

திட்டமிடல் அதிகாரி அவர்களுக்கு,

பெட்டி கிடைத்தது. பொருள்கள் பட்டியல்படி சரியாக உள்ளன. கூடுதலாக ஒரு கடிதம் இருந்தது. அது பட்டியலில் இல்லை. இனிமேல் பட்டியலில் சேர்க்காத எதையும் அனுப்ப வேண்டாம்.

இணைத்திருந்த திட்டத் தாளைப் பார்க்கவில்லை. பார்க்கும் உத்தேசமும் இல்லை.

ஸ்ரீகண்டன்
தொடர்பு அதிகாரி

பி.கு.: அப்புவின் இடது கதவு ரப்பர் அடுத்த மாதம் தேய்ந்துவிடும். புதியது ஒன்று வைத்திருக்கிறேன்.


சாக்கை
24 ஏப்ரல் 2025

தொடர்பு அதிகாரி அத்திம்பேருக்கு,

பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். ஏழாவது வரி: "கடிதம், கோபம் கலந்தது, எண்ணிக்கை ஒன்று." ஸ்டோர்ஸில் கையெழுத்துக்கூட வாங்கிவிட்டேன். இனி குறை சொல்ல வழியில்லை.

கதவு ரப்பர் நீங்கள் சொன்னபடியே போன வாரம் கிழிந்தது. மாற்றிவிட்டோம். உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று அஜின் கேட்டான். அஜினை மறந்திருக்க மாட்டீர்கள், எந்த நட்டுக்கும் மோந்து பார்த்தே வயசு சொல்லும் நம் டெக்னீஷியன். அவனுக்கு என் திட்டம் பிடிக்கவே இல்லை. "மேடமே, அம்மு பிணங்கிப் போயிருக்கு கேட்டோ. நாலு நாளா அவளை வெளியே எடுக்கலையே, ஸ்ரீகண்டன் சார் இருந்தா இப்படிச் செய்ய மாட்டாரே" என்கிறான். நான் அம்முவைப் பட்டினி போடுவதுபோல எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். சமாதானம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

அக்காவுக்கு நம் இரண்டு பேர் மேலும் கோபம். "என்ன வேணா பண்ணிக்கோங்கோ, நடுவில என்னைப் போட்டு அரைக்காதேங்கோ" என்று நேற்றுச் சொன்னாள். நீங்களாக மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனீர்கள் என்பதை அவளும் இப்போதுதான் தெரிந்துகொண்டாளாம். அது எனக்கும் தெரியாது. உங்களைத் தள்ளிவிட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். எவ்வளவு வீம்பு உங்களுக்கு!

இரண்டு மெஷினின் கணக்கையும் நீங்கள் எழுதிவைத்த பச்சை நோட்டு அலமாரியிலேயே இருக்கிறது. நான் தொடவில்லை. அந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே, அன்றைக்கு நீங்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனதுதான் நினைவுக்கு வருகிறது. மணிக்கணக்கு எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, அதுவே போதும்.

ஆஷா


பெங்களூர்
8 மே 2025

ஆஷாவுக்கு,

வீம்பு என்று எழுதியிருக்கிறாய். சரி, வீம்பைப் பற்றியே எழுதுகிறேன்.

2021ல் மெஷின்கள் வந்தபோது நீ அங்கே இல்லை. முதல் மாதமே சண்டை ஆரம்பித்தது. அப்புவின் என்ஜின் நல்லது, அதைப் போலீஸ் அமுக்கிக்கொண்டது என்று வனத்துறை எழுதியது. அம்மு பழைய மாடல் என்று தீயணைப்பில் யாரோ கிளப்பிவிட்டார்கள். இரண்டும் ஒரே தொழிற்சாலையில் ஒரே மாதம் செய்தவை! ஒரு நாள் இரண்டு துறை டிரைவர்கள் ஹாங்கர் வாசலில் ஜீப்பைக் குறுக்கே நிறுத்திவிட்டார்கள். அப்போதுதான் நான் முறை வைத்தேன். அப்புவுக்கு ஒரு நாள், அம்முவுக்கு ஒரு நாள், யார் கூப்பிட்டாலும் அன்றைய முறைக்கு உரியதுதான் போகும். ஒரே மாதத்தில் சண்டை நின்றது. நாலு துறையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து டீ குடித்தது அதற்குப் பிறகுதான். அந்த மேஜையில்தான் நீ எழுந்து நின்று என் முறையைத் தப்பு என்றாய்.

தப்புதான். அது எனக்கு அந்தப் பத்தொன்பது நாளிலேயே தெரிந்துவிட்டது. உலகம்மையை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தவன் நான். என்ன பேசுவதென்று தெரியாமல் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு வந்தேன். தப்பை ஒத்துக்கொள்ள வாய் வராமல்தான் மூன்றாவது மெஷின் கேட்டு இன்னும் வேகமாக எழுதினேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, உன் அக்காவிடம்கூட.

ஆனால் அடை சாப்பிட்டுவிட்டுப் போனாயே, அதுதான் ஆறவில்லை.

ஸ்ரீகண்டன்


பெங்களூர்
5 ஜூன் 2025

ஆஷாவுக்கு. அவசரம். இதை நின்றுகொண்டே படி.

உன் திட்டத் தாளைப் பார்த்தேன். தப்புக் கண்டுபிடிக்க வேண்டும் என்றே பார்த்தேன். மூன்று வாரம், தினமும் சாப்பாட்டு வேளையில். மணிக்கணக்கில் ஒரு ஓட்டையும் இல்லை. எரிச்சலாக இருந்தது. ஆனால் நீ மணியை மட்டும்தான் பார்த்திருக்கிறாய். தேதியைப் பார்க்கவில்லை.

எத்தனை மணி பறந்தாலும் பறக்காவிட்டாலும், சேவைக்கு வந்த நாளிலிருந்து நாலு வருடம் முடிந்தால் ஒரு பெரிய சோதனை உண்டு. இருபத்தைந்து நாள் பிடிக்கும். அது முடியாமல் மெஷின் தரையைவிட்டு எழும்பக் கூடாது. இரண்டும் எப்போது சேவைக்கு வந்தன? நல்ல நாள் பார்த்து, மலையாள வருடப் பிறப்பான சிங்ஙம் ஒன்றாம் தேதி, ஒரே முகூர்த்தத்தில். காலையில் பழவங்காடிப் பிள்ளையாருக்கு நானே இரண்டு விடலைத் தேங்காய் போட்டுவிட்டு வந்தேன், ஒன்று அப்புவுக்கு, ஒன்று அம்முவுக்கு. அதிலும் பாரபட்சம் கூடாதே!

வருகிற ஆகஸ்ட் பதினேழாம் தேதி நாலு வருடம் முடிகிறது. இரண்டுக்கும். உன் நூற்றிருபத்திரண்டு நாளுக்கு நடுவில், நல்ல மழையில், இரண்டும் ஒன்றாக நிற்கும்.

பச்சை நோட்டைத் திற. பதினேழாம் பக்கம். இதற்கு முன் நாலு வருடச் சோதனை வந்ததில்லை என்பதால் அதைக் கம்ப்யூட்டரில் யாரும் ஏற்றவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இதைக் கண்டுபிடித்தது செவ்வாய்க்கிழமை. இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். ஆகஸ்டில் நீ திண்டாடுவாய், கமிட்டி என்னைத் தேடும் என்று நினைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் அந்த ஆரஞ்சுப் பழம் நினைவுக்கு வந்தது. வெட்கமாகப் போய்விட்டது. போன் பண்ணியிருக்கலாம், ஆனால் இதைக் குரலில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒன்றை முன்னதாகவே சோதனைக்கு எடுத்துவிடு. என் சர்வீஸில் ஒரு சோதனையையும் ஒரு நாள் முன்னதாகச் செய்ததில்லை, ஒரு நாள் பிந்தியும் செய்ததில்லை. நான் சொல்கிறேன், தவணையில் இரண்டு மாதம் வீணாகப் போனாலும் போகட்டும். எதை முதலில் என்பதை நீ முடிவு செய். மணி உன் கையில்தான் இருக்கிறது.

ஸ்ரீகண்டன்


சாக்கை
9 ஜூன் 2025

அத்திம்பேருக்கு,

நோட்டைத் திறந்தேன். பதினேழாம் பக்கம், இரண்டு தேதி, சிவப்பு மையில் இரண்டு கோடு. நாலு மாதமாக என் நாற்காலிக்குப் பின்னால் இரண்டு அடி தூரத்தில் இருந்திருக்கிறது. கோபத்தில் ஒரு நோட்டைத் திறக்காமல் விட்டவள் நாற்பத்தோரு பேர் வேலைக்குப் பொறுப்பு ஏற்றுக்கொண்டேன். அப்புவின் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அஜின் வந்து, "எந்து பற்றி, என்னாச்சு மேடம், தல சுத்துதா?" என்று தண்ணீர் கொடுத்தான்.

பிறகு எழுந்து கணக்குப் போட்டேன். கேளுங்கள். அடுத்த நூறு மணிச் சோதனைக்கு முன் அப்புவிடம் பதினெட்டு மணி பாக்கி. அம்முவிடம் எழுபத்தொன்று. ஒன்று உள்ளே இருக்கும் இருபத்தைந்து நாளுக்கு, இந்த மழையில், மற்றது ஐம்பது மணியாவது தாங்க வேண்டும். ஆகவே அப்பு உள்ளே போகும், அம்மு வெளியே நிற்கும். பட்டினி போட்டதாகச் சொன்னார்களே, அந்த அம்முதான் இப்போது நம்மைக் காப்பாற்றப் போகிறாள்! உங்கள் முறைப்படி சமமாக ஓட்டியிருந்தால் இரண்டிடமும் நாற்பத்துநாலு மணிதான் இருந்திருக்கும். எதுவும் தாங்கியிருக்காது. என் முறைப்படி மட்டும் போயிருந்தால் ஆகஸ்டில் இரண்டும் நின்றிருக்கும். உங்கள் தேதி இல்லாமல் என் மணிக்கு அர்த்தமில்லை. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

ஜூன் இருபத்திமூன்று அப்பு உள்ளே, ஜூலை பதினேழு வெளியே. ஆகஸ்ட் பதினாறு அம்மு உள்ளே. கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

அந்த இரண்டு நாளை நீங்கள் எழுதாமலே இருந்திருக்கலாம். எழுதினீர்கள். நான் மறக்க மாட்டேன்.

ஆஷா


சாக்கை
11 ஜூலை 2025

அத்திம்பேருக்கு,

இது திட்டுவதற்காக எழுதும் கடிதம்.

நேற்று மத்தியானம் அம்முவின் வால் விசிறியில் பேரிங் சத்தம் போடுகிறது என்று பெங்களூருக்குச் சொன்னோம். அப்பு அக்குவேறு ஆணிவேறாகக் கிடக்கிறது. விடிந்தால் நாற்பதாவது... இல்லை, நாற்பத்தொன்றாவது நாள். எனக்கு எண்ணிக்கைகூடக் குழம்பிவிட்டது. சாயங்கால விமானத்தில் பேரிங் வந்துவிட்டது, காலை ஐந்தே முக்காலுக்கு அம்மு தயார்.

அது எப்படி வந்தது என்பதை அஜின் இன்றைக்குத்தான் சொன்னான். நீங்களே மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்களாம். ஏர்போர்ட் வாசலில் அவன் கையில் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதே விமானத்தில் திரும்பிப் போய்விட்டீர்களாம். ஏர்போர்ட்டிலிருந்து வலியசாலை இருபது நிமிஷம். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் உங்களுக்குச் சோறு கிடைக்காது.

ஆஷா


பெங்களூர்
17 ஜூலை 2025

ஆஷாவுக்கு,

அவளிடம் சொல்லாதே.

வீட்டுக்கு வந்திருந்தால் திரும்பியிருக்க மாட்டேன். நான் திரும்பாவிட்டால் இங்கே பெட்டிக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? இன்றைக்கு அப்பு வெளியே வந்திருக்கும். வந்ததா என்று ஒரு வரி எழுது. வால் விசிறி பேரிங் இன்னொன்று கூடுதலாக வைத்திருக்கிறேன்.

ஸ்ரீகண்டன்


சாக்கை
21 ஆகஸ்ட் 2025

அத்திம்பேரே!

நமஸ்காரமெல்லாம் அப்புறம். முதலில் இதைக் கேளுங்கள்.

பத்தொன்பதாம் தேதி காலை ஆறு பத்துக்கு வித்துராவிலிருந்து கூப்பிட்டார்கள். பொனக்காடு போகும் வழியில் மண் சரிந்து ரோடு இரண்டு இடத்தில் அறுந்துவிட்டது. மேலே தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருபத்தாறு பேர், பின்பக்கச் சரிவும் விரிந்துகொண்டிருக்கிறது. அம்முவோ ஜாக்கியில் நிற்கிறாள், கியர் பாக்ஸ் மேஜைமேல் இருக்கிறது. ஆனால் அப்பு வாசலில் தயாராக நின்றது. ஆறு இருபதுக்கு எழும்பிவிட்டது. கேப்டன் சரோஜம் ஓட்டினார், அஜின் கூடப் போனான். மேகம் விலகவும் மூடவுமாக ஐந்து நடை. பத்து மணிக்குள் இருபத்தாறு பேரும் வித்துரா பள்ளி மைதானத்தில். பதினொன்று நாற்பதுக்குப் பின்சரிவு இறங்கி, லயத்தில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை!

மூன்றாவது நடையில் கட்டைக்கால் வைத்த ஒரு அம்மாள் நின்றாராம். அஜின் தூக்கிவிடக் கையை நீட்டினால், "எம் மரக்கால மொதல்ல ஏத்து, பெறவு என்ன ஏத்து. அது போச்சுன்னா இன்னொண்ணுக்கு எவன்ட்ட போய் நிக்க?" என்றாராம். ஏறி உட்கார்ந்து, கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "போன வருசம் எங்கல போயிருந்தீய?" என்று கேட்டாராம். உலகம்மை.

கேப்டன் திரும்பிப் பார்த்து, "அம்மா, இனிமே எங்கயும் போக மாட்டோம்" என்றார். இறங்கினதும் உலகம்மை அப்புவின் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

காலை முழுக்க ஹாங்கரில் நான் பச்சை நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "இருபத்தாறும் ஆச்சு" என்று சொன்னபோது எல்லோரும் கத்தினார்கள். நானும் கத்தினேன். ஆகஸ்ட் பத்தொன்பது, அத்திம்பேர். உங்கள் கடிதம் வராமல் இருந்திருந்தால் அன்றைக்கு இரண்டும் ஜாக்கியில் நின்றிருக்கும்.

ஆஷா


பெங்களூர்
28 ஆகஸ்ட் 2025

ஆஷாவுக்கு,

படித்தேன். மூன்று தரம்.

பட்டறை ஆட்களுக்கும் படித்துக் காட்டினேன். பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. உலகம்மை கதவைத் தட்டிய இடத்தில் அவர்களும் கை தட்டினார்கள். நான் வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

இன்னும் முப்பத்துமூன்று நாள் இருக்கிறது. கவனம் தப்பாதே.

ஸ்ரீகண்டன்


சாக்கை
8 அக்டோபர் 2025

அத்திம்பேருக்கு ஆஷாவின் நமஸ்காரம்.

நூற்றிருபத்திரண்டுக்கு நூற்றிருபத்திரண்டு. செப்டம்பர் முப்பது காலை ஆறு மணிக்கு இரண்டுமே வாசலில் நின்றன. அஜின் இரண்டுக்கும் மாலை போட்டிருந்தான்.

திங்கட்கிழமை கமிட்டி கூடியது. அதே அறை, அதே மேஜை. பகவதிப்பெருமாள் சார், "நீங்க ஜெயிச்சிட்டிய" என்றார். நான் எழுந்து நின்றேன். "பிப்ரவரியில் இதே இடத்தில் நின்று ஸ்ரீகண்டன் சார் பெயரைச் சொல்லி அவருடைய முறை தப்பு என்றேன். இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்கிறேன். ஆகஸ்டில் இரண்டும் நிற்கும் என்று கண்டுபிடித்தது அவர். தப்பு என்னுடையது, அதைத் திருத்தியது அவர்" என்றேன். பச்சை நோட்டை மேஜைமேல் வைத்துப் பதினேழாம் பக்கத்தைத் திறந்து காட்டினேன். நாலு துறையும் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள்.

இதோடு முடியவில்லை. மீன்வளத் துறையும் நம்மோடு சேர விரும்புகிறதாம், கடலில் காணாமல் போகும் படகுகளைத் தேட. "ஐஞ்சு துறைக்கும் இரண்டு போதுமா?" என்று தலைவர் என்னைக் கேட்டார். போதாது என்றேன். கடலுக்கு ஒன்று போனால் மலைக்கு ஒன்று வேண்டும், சோதனையில் ஒன்று இருக்கும். மூன்று. "அதுக்குத் திட்டம் எழுத எத்தனை மாசம் ஆகும்?" என்றார். எழுதி மூன்று வருடமாகத் தயாராக இருக்கிறது என்று சொல்லி உங்கள் ஃபைலை நீட்டினேன். ஒரு வரி மட்டும் நான் சேர்த்தது: மூன்றாவதை சிங்ஙம் ஒன்றாம் தேதி சேவைக்கு எடுக்கக் கூடாது. எல்லோரும் சிரித்தார்கள். பாஸாகிவிட்டது. உங்களைத் திரும்ப அழைக்கும் உத்தரவும் இதே பெட்டியில் இருக்கிறது, பட்டியலில் மூன்றாவது வரி.

நேற்று பழவங்காடிக்குப் போனேன். இரண்டு தேங்காய் வாங்கினேன். அப்புவுக்காக ஒன்றைப் போட்டேன், சுக்குநூறாகச் சிதறியது. "மற்றேது, இன்னொண்ணு?" என்று அஜின் கேட்டான். அது அம்முவுக்கு, அதைப் போட ஆள் வரணும், இன்றைக்குப் போடக் கூடாது என்றேன். தேங்காய் அக்காவிடம் இருக்கிறது. சட்னி அரைத்துவிடப் போகிறாள், சீக்கிரம் வாருங்கள்.

ஆஷா


பெங்களூர்
15 அக்டோபர் 2025

திட்டமிடல் அதிகாரி அவர்களுக்கு,

இத்துடன் வரும் பெட்டியின் பட்டியல்:

வால் விசிறி பேரிங், ஒன்று.
கதவு ரப்பர், இரண்டு. ஒன்றை இப்போது மாற்றவும், மற்றதை மூன்று மாதம் கழித்து மாற்றவும்.
மைசூர்பாகு, அரைக் கிலோ. உன் அக்காவுக்கு.
ஸ்ரீகண்டன், ஒன்று. பழையது, கொஞ்சம் சத்தம் போடும், இன்னும் ஓடும். வெள்ளிக்கிழமை காலை ஏர்போர்ட் வாசலில் கிடைக்கும். இந்த முறை திரும்பும் டிக்கெட் இல்லை.

வந்த அன்றைக்கே சாயங்காலம் அடை வார்த்து வைக்கச் சொல். சாப்பிடும்போதே என் தப்பு எல்லாவற்றையும் நேரில் சொல்லிவிடு, பாக்கி வைக்காதே. தேங்காயை மறுநாள் போடுகிறேன்.

சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளவும்.